மூன்று நீளம், இரண்டு குட்டை

எங்கள் கம்பெனி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மனிதவளத் துறைப் பெண் போன் செய்தபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "மேடம், அந்தக் காலத்துல கம்யூனிகேஷன் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப வர்ற பிள்ளைங்களுக்குத் தெரியணும்" என்றாள். எழுதுவது இருக்கட்டும், இப்போது வேலை நேரத்தில் உள்ளே இருக்கும் ஆளை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஷிஃப்டுக்குள்ள போறப்ப போனையெல்லாம் கேட்ல லாக்கர்ல வச்சுடணும் மேடம். வீட்ல அவசரம்னா செக்யூரிட்டிக்குப் பண்ணுவாங்க. அவங்க லைன் லீடர்கிட்ட சொல்லுவாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுக்கு இரண்டு போன் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவசரச் செய்தி வந்தால் கேட்டிலிருந்து யாராவது உள்ளே ஓடத்தான் வேண்டியிருக்கிறது. 1991-லும் எங்கள் நிலைமை அதுதான். ஆகையால் இரண்டு பக்கத்தில் இதை முடிக்க முடியாது என்று அப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. இந்தக் கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து தலை நரைத்தவள். பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, மெட்ராசில் ஒரு மாதம் போர்டு பழகினேன். பயிற்சியில் மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். பதறாதே, தெரியாது என்று சொல்லாதே, ஒட்டுக்கேட்காதே. முதல் இரண்டையும் வேலை செய்த காலம் முழுக்கக் காப்பாற்றினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் கம்பெனியும் இன்னும் ஒன்றிரண்டும்தான். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வரும், ஒரகடத்தில் கால் வைக்க இடம் இருக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் ஆளைப் பார்த்துச் சிரித்திருப்போம். லாரிக்கும் டிராக்டருக்கும் வேண்டிய தகட்டுச் சாமான்களை அடித்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. பிரஸ் ஷாப் என்று ஒரு கொட்டகை. அதற்குள் எட்டு பிரஸ். ஒவ்வொன்றும் தகட்டின் மேல் இறங்கும்போது தரை அதிரும். இருநூறு கஜம் தள்ளி முன்பக்க ஆபீசில் இருக்கும் என் மேசையில் டீ டம்ளர் வைத்தால் டீயின் மேல் வட்டம் வட்டமாக அலை ஓடும்.

என்னிடம் இருந்தது கயிறு போர்டு. ஐந்து வெளி லைன், நாற்பது உள் லைன். யாராவது ரிசீவரை எடுத்தால் போர்டில் அவர்களுடைய நம்பருக்கு மேல் ஒரு சின்ன மூடி டக்கென்று விழும். கயிற்றின் ஒரு முனையை அந்த ஓட்டையில் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, மறுமுனையை வேண்டிய ஓட்டையில் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். மூடி விழும் சத்தத்தை வைத்தே எந்த வரிசை என்று சொல்வேன். மேல் வரிசை மூடிகள் புதுசு, கணீரென்று விழும். கீழ் வரிசை தேய்ந்துபோய் சொத்தென்று விழும். வெளி லைன் ஐந்துக்கும் கொஞ்சம் பெரிய மூடி. அது விழுந்தால் நான் வாயில் இருக்கும் இட்லியை அப்படியே விழுங்கிவிடுவேன்.

அந்த அறையைச் சுற்றி எத்தனை சத்தம். பக்கத்து அறையில் டைப்பிஸ்ட் அடிக்கும் ஒவ்வொரு வரி முடியும்போதும் டிங் என்று ஒரு மணி. அந்தப் பக்கம் டெலிபிரின்டர், ஆளே இல்லாமல் தானாகப் படபடவென்று அடித்து நாலு முழக் காகிதத்தைக் கக்கிவிட்டு ஓய்ந்து நிற்கும். டைம் ஆபீசில் கார்டை உள்ளே விட்டால் கடியாரம் கட்டிங் என்று கடித்து நேரத்தைப் போடும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் சிவப்பில் கடிக்கும். அப்புறம் கம்பெனி சங்கு. எட்டரைச் சங்குக்கு உலை வைத்தால் சரியாக இருக்கும் என்று சுற்றுவட்டார ஊர்களில் கணக்கு. ஒரு நாள் சங்கு ரிப்பேர் ஆனபோது எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு லேட்.

இத்தனை சத்தத்துக்கும் ராஜா ஒன்று இருந்தது. அதுதான் கோடு பெல். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

ஆபீசர்கள் தங்கள் அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஷாப், ஸ்டோர், பின்பக்கம் பெயின்ட் கொட்டகை என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள். போன் வந்தால் எங்கே தேடுவது? அதற்காக என் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொத்தான். அதை அழுத்தினால் எல்லா ஷாப்பிலும் ஒரே நேரத்தில் பெரிய மணி அடிக்கும். பிரஸ் ஷாப்பில் மணி காதில் விழாது என்று மணியோடு சேர்ந்து எரியும்படி சிவப்பு பல்பும் வைத்திருந்தார்கள். ஆபீசர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, அதாவது நீளமும் குட்டையுமாக அடிக்கும் ஒரு மணிக் குறி. ஜெனரல் மேனேஜருக்கு ஒரே ஒரு நீளம். அது அடித்தால் கதை பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். மெயின்டனன்சுக்கு நாலு குட்டை. பர்ச்சேசுக்கு ஒரு நீளம், ஒரு குட்டை. தன் கோடு கேட்டதும் அவரவர் பக்கத்தில் இருக்கும் போனை எடுப்பார்கள், என் போர்டில் மூடி விழும், நான் கயிற்றைச் செருகிவிடுவேன்.

கோடு ஆபீசர்களுக்கு மட்டும்தான். தொழிலாளிக்குப் போன் வந்தால் செய்தியைச் சீட்டில் எழுதி டைம் ஆபீஸ் மூலம் அனுப்ப வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் கொடுப்பார்கள். வேலையிலிருந்து ஆளைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுக்க இரண்டே காரணம்தான் செல்லும். ஒன்று சாவு, இன்னொன்று பிரசவம். இது எழுதி வைத்த விதி.

சுற்று ஊர்களில் அப்போது போன் இருந்த வீடுகளைக் கைவிரலில் எண்ணலாம். ஆகவே பாதி ஜனம் எங்கள் கம்பெனி நம்பரைச் சொந்த நம்பர் மாதிரி லெட்டரில் எழுதிக்கொண்டிருந்தது. பெண் பார்த்த செய்தி, சீட்டு எடுத்த செய்தி, மாமியார் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய செய்தி எல்லாம் என் காது வழியாகத்தான் ஊருக்குள் போயிற்று. எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது என்று டைப்பிஸ்ட் கிண்டல் செய்வாள்.

இனி முனுசாமி அண்ணன் கதைக்கு வருகிறேன்.

முனுசாமி அண்ணன் பிரஸ் ஷாப்பில் பெரிய பிரஸ் ஓட்டுபவர். அதிலேயே உழன்று காது பாதி போயிருந்தது. அவருடைய ஒரே மகன் ஏழுமலை சவுதிக்கு ஏசி ஹெல்பராகப் போயிருந்தான். 1991 தொடங்கியதும் வளைகுடாவில் சண்டை. ரேடியோவில் தினமும் குண்டு, ஏவுகணை என்று செய்தி. ஏழுமலையிடமிருந்து தபால் நின்றுபோயிற்று. முனுசாமி அண்ணன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

"இன்னா பிலோம்மா, ஏதாச்சும் வந்துச்சா?"

"வரலண்ணே."

"காயிதம் வந்து ரெண்டு மாசமாவுது. வூட்ல அவன் அம்மா ரேடியோவ காதாண்ட வச்சிகினே குந்திகீது. சோறு துன்றதில்ல. இன்னிக்கு எட்டு பேரு செத்தாங்கன்னா, அதுல நம்ம புள்ள கீறானான்னு என்னாண்ட கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?"

தினமும் இப்படி ஒரு ஆள் வந்து நின்றால் யாருக்கு மனசு கேட்கும்? எனக்குக் கேட்கவில்லை. ஏழுமலை போன் செய்தாலும் அது சாவும் இல்லை, பிரசவமும் இல்லை. செய்தியைச் சீட்டில்தான் எழுத வேண்டும். பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டிய மனுஷனுக்கு "உங்கள் மகன் பேசினார்" என்று சீட்டு கொடுத்தால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அப்போது ஒரு கோடு சும்மா கிடந்தது. மூன்று நீளம், இரண்டு குட்டை. அது புரொடக்ஷன் மேனேஜருடைய கோடு. அந்த நாற்காலி ஒன்றரை வருஷமாகக் காலி. ஆள் இல்லாத கோடு துருப்பிடித்துப் போவானேன் என்று யாரிடமும் கேட்காமல் அதை முனுசாமி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய டிபன் பாக்ஸ் மூடியை ஜன்னல் கட்டையில் நீளத்துக்கு நிறுத்தி, குட்டைக்கு வெடுக்கென்று தட்டிக் காட்டி, "பல்பு இப்படி எரிஞ்சா, பிரஸ்ஸை நிறுத்திட்டு நேரா சூப்பர்வைசர் கேபின் போனை எடுங்கண்ணே" என்றேன். அவர் மூடியை வாங்கித் திரும்பத் தட்டினார். முதலில் மூன்று நீளத்துக்கு மூன்று குட்டை. மறுநாள் சரியாக வந்தது. ஒரு வாரத்தில் சாப்பிட உட்கார்ந்தாலே அவர் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது என்று பக்கத்துப் பிரஸ்காரர் சொன்னார். பிரஸ் ஷாப் சூப்பர்வைசரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். "நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல" என்றார். அவர் அனுமதி கொடுக்கும் பாணி அது.

ஒரு திங்கட்கிழமை புதுப் புரொடக்ஷன் மேனேஜர் வந்து சேர்ந்தார். பெயர் தாணுமாலயன், ஊர் நாகர்கோவில். ஒல்லியாக உயரமாக இருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயமாக இருக்கும். எதையும் முதலில் பென்சிலில் எழுதிப் படித்துப் பார்த்து, அப்புறம் அதே எழுத்தின் மேல் பேனாவால் எழுதுவார். நாம் ஒரு பதில் சொன்னால் "சரி, அப்புறம்?" என்பார். இன்னும் கொஞ்சம் சொன்னால் மறுபடி "சரி, அப்புறம்?" இப்படியே போனால் போன வருஷம் ஸ்டோரில் உடைத்த பல்பு வரைக்கும் ஆள் ஒப்புக்கொண்டுவிடுவான். திங்கள் சாயங்காலத்துக்குள் அவருக்கு "சரியப்புறம்" என்று பட்டப்பெயர் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு பியூன் சுற்றறிக்கை நோட்டைக் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் என் போர்டில் நாலு கயிறு தொங்குகிறது, ஐந்தாவது மூடி விழுகிறது. எங்கள் கம்பெனியில் சுற்றறிக்கையை யாரும் படிப்பதில்லை. "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். நானும் இடது கையால் நோட்டைப் பிடித்து, வலது கையால் கையெழுத்துப் போட்டு, வாயால் "நம்பர் ப்ளீஸ்" என்று சொன்னேன். அதில் எழுதியிருந்தது இதுதான்: புதிய புரொடக்ஷன் மேனேஜருக்கு மூன்று நீளம், இரண்டு குட்டை வழங்கப்படுகிறது. புது ஆள் என்பதால் இரண்டு மூன்று நாள் அவரைத் தேடி வெளியிலிருந்து போன் எதுவும் வரவில்லை. நாற்காலிக்கு ஆள் வந்தால் அந்தக் கோடும் அவருக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை இருக்கும். வெளி லைன் மூடி விழுந்தது. மெட்ராஸ் டிரங்க் ஆபரேட்டர் சவுதி கால் என்றாள். அப்புறம் கடலுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"அக்கா, நான் ஏழுமல. எங்கப்பாவ கூப்புடுக்கா. பின்னால நெறய பேரு நிக்கறாங்க, ரெண்டு மூணு நிமிசம்தான் உடுவாங்க."

உயிரோடு இருக்கிறான். "வைக்காத தம்பி, வைக்காத" என்று சொல்லிவிட்டுக் கறுப்புப் பொத்தானை அழுத்தினேன். மூன்று நீளம், இரண்டு குட்டை. மறுபடி ஒரு தடவை. கீழ் வரிசையில் இருபத்துநாலாம் நம்பர் மூடி சொத்தென்று விழுந்தது. பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் கேபின், நான் சொல்லிவைத்த அதே போன். யார் என்று கேட்காமலே கயிற்றைச் செருகினேன்.

"தாணுமாலயன்" என்றது மறுமுனை.

அவர் அப்போது பிரஸ் ஷாப்பில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தன் கோடு அடித்தது, பக்கத்தில் இருந்த போனை எடுத்துவிட்டார். அந்த ஒரு வினாடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நோட்டில் நான் படிக்காத வரி கண் முன்னால் வந்து நின்றது. கயிற்றைப் பிடுங்கலாம், ஆனால் பிடுங்கிவிட்டு யாருக்குக் கொடுப்பது? முனுசாமி அண்ணன் எடுக்க வேண்டிய போன் அவர் கையில் இருக்கிறது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் லைனைக் கேட்கும் சாவியையும் மூடவில்லை. அது தப்பு. தெரிந்தே செய்த தப்பு.

"அப்பா, அப்பா, நான் ஏழுமல பேசறம்பா."

"நான் அப்பா இல்ல. நீங்க யாரு? எங்கேருந்து பேசறீங்க?"

"சவுதி சார். எங்கப்பா முனுசாமி சார், பெரிய பிரஸ்ல. சார், போன புடுங்கிடுவாங்க சார்."

பிரஸ் அடிக்கும் சத்தம் மட்டும் தம் தம் என்று லைனில் வந்தது. பிறகு அந்த மனுஷருடைய குரல் மாறிவிட்டது. ஆபீஸ் தமிழெல்லாம் போய் அவர் ஊர் வந்துவிட்டது.

"மக்கா, போன வச்சிராத, கேட்டியா? ஒங்கப்பாவ இப்ப கூட்டிட்டு வாறேன். யாரு புடுங்கினாலும் விட்டிராத."

மற்றதைச் சூப்பர்வைசர் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேபினுக்குக் கண்ணாடிக் கதவு. பல்பு எரிந்ததும் முனுசாமி அண்ணன் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். உள்ளே புது மேனேஜர் போனோடு நிற்பதைப் பார்த்ததும், பெரிய மனுஷருக்கு வந்த போன் போலிருக்கிறது என்று கண்ணாடிக்கு வெளியிலேயே ஒதுங்கி நின்றுவிட்டார். குரலை உயர்த்தாத தாணுமாலயன் சார் கதவைத் திறந்து "முனுசாமி யாரு?" என்று கத்தினார். பிரஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அரை அடி தூரத்தில் நின்ற முனுசாமி அண்ணனுக்கே கேட்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசர்தான் அவர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

ரிசீவரைக் காதில் வைத்ததும் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "அல்லோ. அல்லோ. யாரு? கேக்கலியே. சார், ஒண்ணும் கேக்கல சார்." அந்தப் பக்கம் ஏழுமலை "அப்பா, அப்பா" என்று கத்துகிறான். எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. பெற்றவருக்குக் கேட்கவில்லை. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிப் பார்க்கிறார். "சத்தமா பேசுடா" என்கிறார். நான் போர்டைப் பிடித்துக்கொண்டு, மாதாவே, ஒரு நிமிஷம் அந்த மனுஷனுக்குக் காதைக் கொடு என்று கெஞ்சினேன்.

அப்போது லைனில் வந்த தம் தம் ஒன்று குறைந்தது. இன்னொன்று குறைந்தது. தாணுமாலயன் சார் ஷாப்புக்கு நடுவில் போய் நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறார். ஒவ்வொருவராகப் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள். ஒவ்வொரு பிரஸ்ஸாக நின்றது. கடைசியில் சக்கரங்கள் சும்மா சுற்றும் ரீங்காரம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து அதுவும் அடங்கிவிட்டது. வேலை நேரத்தில் அந்த ஷாப் அப்படி அடங்கி நான் கேட்டதே இல்லை. கரன்ட் போனால்கூட ஜெனரேட்டர் இரையும். பக்கத்து அறையில் டைப்பிஸ்ட் கையை நிறுத்தினாள். அக்கவுன்ட்ஸ்காரர்கள் என்ன ஆயிற்று என்று எழுந்து வாசலுக்கு வந்தார்கள். என் மேசையில் இருந்த டீயில் அலை இல்லை.

அந்த அமைதியில் முனுசாமி அண்ணன் கேட்டார்.

"டேய் கண்ணு. நல்லா கீறியா? சாப்ட்டியா?"

"நல்லா கீறம்பா. சாப்ட்டேன். எங்க கேம்ப்புக்கு ஒண்ணும் ஆவல. தபாலுதான் போவல. அம்மா எப்டிகீது?"

"உங்கம்மா நல்லாகீது. இனிமே சோறு துன்னும்." அப்புறம் அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பிறகு அவசர அவசரமாக, "டேய், நீ வாங்கிக் குடுத்துட்டுப் போனியே வெள்ளாடு, அது நேத்து ரெண்டு குட்டி போட்டுதுடா. ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவல. கருப்பு பொட்டக்குட்டி" என்றார். சவுதியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே லைன் கட் ஆகிவிட்டது.

பேசியது மூன்று நிமிஷம். மறுபடி எட்டு பிரஸ்ஸையும் ஓட்டி வேலையைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம். முனுசாமி அண்ணன் ரிசீவரைக் கீழே வைக்காமல் மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றாராம். "மொதல்ல வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க" என்று அவர் சைக்கிளில் அனுப்பிவிட்டார்.

நாலரை மணிக்கு எனக்கு ஆள் வந்தது. தாணுமாலயன் சார் அறைக்குப் போனேன். மேசை மேல் செவ்வாய்க்கிழமை நோட்டு விரிந்திருந்தது, என் கையெழுத்துத் தெரிகிற மாதிரி. வீட்டில் அப்போது நிரந்தரச் சம்பளம் என்னுடையது மட்டும்தான். வழி நெடுக அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

"உட்காருங்க. இதப் படிச்சீங்களா?"

"இல்ல சார். கையெழுத்து போட்டேன்."

"சரி, அப்புறம்?"

முனுசாமி அண்ணனுக்குக் கோடு கொடுத்ததைச் சொன்னேன்.

"சரி, அப்புறம்?"

டிபன் பாக்ஸ் மூடியைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துக் கூர்மை பார்த்தார்.

"வேலை நேரத்துல தொழிலாளியக் கூப்பிட விதி இருக்கு. சாவு, இல்லேன்னா பிரசவம். இது ரெண்டுல எது?"

எனக்குப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "பிரசவம் சார். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஆடு குட்டி போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். ஒட்டுக்கேட்டதையும் நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டேன். டெலிபோன் ஆபரேட்டருக்கு அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்குமோ என்னவோ, தெரியாது. "எழுத்துல பதில் குடுங்க. நாளைக்குக் காலையில" என்றார்.

அன்று மாலையே என் கைக்கு வந்த மெமோவில் மூன்று குற்றம். சுற்றறிக்கையைப் படிக்காமல் கையெழுத்திட்டது, அனுமதியில்லாமல் கோடு வழங்கியது, உரையாடலைக் கேட்டது. மூன்றும் உண்மை. வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதப் பார்த்தேன், ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. கடைசியில், மூன்றும் செய்தேன், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வெட்கப்படுகிறேன், இரண்டாவதற்கு வெட்கம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்ற தைரியம் எல்லாம் இல்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. ஜெனரல் மேனேஜர் அறைக்கு அவர் போனார், வந்தார். எட்டு பிரஸ் ஒரே நேரத்தில் நின்றால் மேலே கேட்காமல் இருப்பார்களா? பிரஸ் நின்ற நேரத்தை எழுதும் நோட்டு ஒன்று உண்டு. கரன்ட் இல்லை, தகடு இல்லை, மெஷின் கோளாறு என்று காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் அவர் "என் உத்தரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததாகச் சூப்பர்வைசர் வந்து சொன்னார். பென்சிலில் எழுதாமல் நேரடியாகப் பேனாவில் எழுதினாராம்.

சனிக்கிழமை காலை முனுசாமி அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். இரண்டு சின்னத் தூக்கில் சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். "வூட்ல அது குடுத்தனுப்புச்சி. உனக்கொண்ணு, அந்த சாருக்கொண்ணு" என்றார். மெமோ விஷயம் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சாரிடம் நீங்களே கொடுங்கள் என்று அனுப்பினேன். அவர் போய்விட்டுத் திரும்பி வந்து, "குடிச்சிட்டு, சரி அப்புறம்னாரு. இன்னா அப்புறம்னு தெர்ல, நானு வந்துட்டேன்" என்றார். எனக்கு இரண்டு நாளாக வராத சிரிப்பு அப்போது வந்தது.

திங்கட்கிழமை என் பதில் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு வரி: "பார்த்தேன். இனி சுற்றறிக்கைகளைப் படிக்கவும்." வேறு ஒன்றும் இல்லை. அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் காலி. வேலை தப்பியது.

பிறகு நாலைந்து வருஷத்தில் கயிறு போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பொத்தான் போர்டு வந்தது, மூடி விழுவது நின்றது. டெலிபிரின்டர் போயிற்று, டைப்ரைட்டர் போயிற்று, சங்குக்கும் அக்கம்பக்கத்துப் புதுக் குடியிருப்புகளிலிருந்து புகார் வந்து நிறுத்திவிட்டார்கள். வசதி என்று பார்த்தால் எல்லாம் நல்லதுக்குத்தான். மூட்டுவலியோடு கைப்பிடி சுற்ற யாருக்கு ஆசை? ஆனால் அந்தச் சத்தங்களுக்கெல்லாம் ஆள் இருந்தது. இந்த மணி இன்னாருக்கு என்று இருந்தது. இப்போது பேருந்தில் ஒரு போன் அடித்தால் பத்துப் பேர் தங்கள் பையைத் தடவுகிறார்கள். ஏழுமலை இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். என் வீட்டு ஏசிக்குக் கூப்பிட்டால் மூன்று முறை அடித்தாலும் எடுக்க மாட்டான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் கடிதம் திரும்பி வந்த அதே திங்கட்கிழமை, அதே பதினோரு மணிக்கு, பியூன் மறுபடி சுற்றறிக்கை நோட்டைக் கொண்டுவந்தார். போர்டில் நாலு மூடி விழுந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று எல்லாரையும் காக்க வைத்துவிட்டு, நோட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். திருத்திய கோடு பட்டியல். புரொடக்ஷன் மேனேஜர், இரண்டு நீளம், ஒரு குட்டை. அடுத்து மெயின்டனன்ஸ், அடுத்து பர்ச்சேஸ். பட்டியலின் கடைசி வரியில் பேனா எழுத்துக்கு அடியில் பென்சில் எழுத்து இன்னும் லேசாகத் தெரிந்தது. மூன்று நீளம், இரண்டு குட்டை: முனுசாமி, பிரஸ் ஷாப்.

மூன்று தடவை படித்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.